கடலோரக் கறிக்கோழிப் பண்ணைக்கு எது ஏற்றது: தீவனத்தில் ஆன்டிபயாடிக்கா, புரோபயாடிக்கா?

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் ராமநாதபுரம் கடலோரத்தில் 500 முதல் 2000 வரை கறிக்கோழி வளர்க்கும் சிறு பண்ணையாளர்கள், ஒவ்வொரு பேட்ச் குஞ்சு இறங்கும்போதும் தீவனத்தில் எதைக் கலப்பது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. குஞ்சு பிழைக்கவும் எடை ஏறவும் சிறிதளவு ஆன்டிபயாடிக் சேர்ப்பது பழைய வழக்கம். அதற்குப் பதிலாக நன்மை செய்யும் நுண்ணுயிரிகளைக் கொண்ட புரோபயாடிக் பொடியைச் சேர்க்கச் சொல்வது இப்போது கடைதோறும் கேட்கும் பேச்சு. இரண்டுக்கும் ஆதரவாகவும் எதிராகவும் சொல்லப்படுபவற்றுள் பெரும்பகுதி நாமக்கல், பல்லடம் பகுதிகளின் பெரிய பண்ணைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது. நம் கரையின் தண்ணீரும் காற்றும் தீவனப் பொருட்களும் வேறு. ஆகவே இங்குள்ள நிலைமையை வைத்தே இவ்விரண்டையும் ஒப்பிட முயல்கிறேன். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து வளர்ப்புக் கூலிக்குக் கோழி வளர்ப்பவர்களுக்குத் தீவனமும் மருந்தும் நிறுவனத்திலிருந்தே வருவதால், இந்த முடிவு பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை. குஞ்சையும் தீவனத்தையும் தாமே வாங்குபவர்களுக்கும், தீவனத்தைத் தாமே அரைத்துக் கலப்பவர்களுக்கும்தான் இக்கட்டுரை முதன்மையாகப் பயன்படும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நோய் வந்த கோழிக்கு மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக்கை முழு அளவில் சில நாட்கள் கொடுப்பது சிகிச்சை. நோயே இல்லாத கூட்டத்துக்கு, முதல் நாளிலிருந்து விற்பனை வரை, டன் தீவனத்துக்குச் சில கிராம் அல்லது சில பத்து கிராம் என்ற கணக்கில் தொடர்ந்து ஊட்டுவது வளர்ச்சியூக்கி முறை. இங்கே ஒப்பிடப்படுவது இந்த இரண்டாவது முறைதான். சிகிச்சைக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை.

இம்முறை அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில் தற்செயலாகத் தொடங்கியது. வைட்டமின் பி12 கிடைக்கும் மலிவான மூலத்தைத் தேடிக்கொண்டிருந்த தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் ஆகியோர், ஆரியோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்கைத் தயாரித்த பின் எஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டியபோது, அந்த வைட்டமினால் மட்டும் விளக்க முடியாத அளவுக்கு அவை வளர்ந்ததைக் கண்டார்கள். அந்தக் கழிவில் தங்கியிருந்த மருந்தே அதற்குக் காரணம். அதன் பிறகு பாசிட்ராசின், டைலோசின், வர்ஜினியாமைசின், என்ராமைசின் என்று பல மருந்துகள் தீவன மூட்டைக்குள் நுழைந்தன. அவை வேலை செய்யும் விதம் இன்றும் முழுமையாக உடன்பாடு காணப்படாத விஷயம். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் தின்னும் பங்கைக் குறைத்துக் கோழிக்கு அதிகம் கிடைக்கச் செய்கின்றன என்பது ஒரு விளக்கம். குடல் சுவர் மெலிவதால் சத்து எளிதாக உட்கிரகிக்கப்படுகிறது என்பதும், குடலின் தொடர்ச்சியான லேசான அழற்சி தணிவதால் அதற்குச் செலவாகும் ஆற்றல் மிஞ்சுகிறது என்பதும் மற்ற விளக்கங்கள். பண்ணையாளருக்கு நேரடியாகத் தெரியும் பயன், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் குடல் அழுகல் நோய் அடங்கியிருப்பதுதான்.

மூட்டைக் கணக்கு

இந்தப் பயனின் அளவு எவ்வளவு? தொடக்க கால ஆய்வுகள் தீவன மாற்றுத் திறனில், அதாவது தின்ற தீவனம் எடையாக மாறும் திறனில், 3 முதல் 5 சதவீதம் வரை மேம்பாடு கிடைத்ததாகக் காட்டின. ஆனால் அவை நடந்த காலத்தின் கோழி இனமும் கொட்டகைச் சுத்தமும் இன்றுள்ளவை அல்ல. சுத்தம் கூடக்கூட மருந்தின் பயன் குறைகிறது என்பது பல இடங்களில் கண்ட உண்மை. டென்மார்க்கில் 1990களின் இறுதியில் கறிக்கோழித் தீவனத்திலிருந்து வளர்ச்சியூக்கி ஆன்டிபயாடிக்குகள் விலக்கப்பட்டபோது, முன்னும் பின்னுமாக அந்நாட்டுப் பண்ணைகளின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். இறப்பு விகிதம் கூடவில்லை. ஒரு கிலோ எடைக்குத் தேவைப்பட்ட தீவனம் 0.016 கிலோ மட்டுமே கூடியது. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் ஏறத்தாழ 70 லட்சம் கோழிகளைக் கொண்டு எடுத்த விவரங்களை 2007இல் ஆராய்ந்தவர்கள், மருந்துக்கு ஆகும் செலவை அதனால் கிடைத்த கூடுதல் வளர்ச்சி ஈடுகட்டவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதை நம் அளவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 1000 கோழி, விற்கும்போது தலைக்கு 2 கிலோ, தீவன மாற்று விகிதம் 1.6 (ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம்) என்று வைத்துக்கொண்டால் ஒரு பேட்ச் தின்பது 3200 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 64 மூட்டை. டென்மார்க்கில் கண்ட வேறுபாட்டின்படி ஆன்டிபயாடிக்கை நிறுத்துவதால் கூடுதலாக ஆகும் தீவனம் 32 கிலோ. ஒரு மூட்டைக்கும் குறைவு. பழைய ஆய்வுகளின் 3 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும் 96 கிலோ, ஏறத்தாழ இரண்டு மூட்டை. இதில் மருந்தின் விலையையும் கழிக்க வேண்டும். முப்பதாம் நாளில் 15 கோழி இறந்துபோனால் அவை அதுவரை தின்ற தீவனமே ஏறத்தாழ ஒரு மூட்டையில் முக்கால் பங்குக்கு வந்துவிடும் என்பதை நினைத்தால், பண்ணையாளரின் கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பது விளங்கும். நம் கடலோரத்தில் பேட்சின் லாபத்தைத் தீர்மானிப்பது இந்த ஒன்றிரண்டு மூட்டை அல்ல. தண்ணீர், கொட்டகைத் தரையில் பரப்பும் உமிக் கூளம், வெயில் ஆகிய மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

உப்புத் தண்ணீரும் ஈரக் கூளமும்

இந்தக் கரையில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. கோழிக்கான குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 1000 முதல் 3000 வரை போனால் எச்சம் நீர்த்துப்போகலாம். 3000க்கு மேல் போனால் நீர்த்த எச்சத்தோடு வளர்ச்சிக் குறைவும் இறப்பும் வரும், 5000க்கு மேல் கோழிக்கே ஆகாது என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வழிகாட்டு அளவு. வெயில் ஏறும்போது கோழி தான் தின்னும் தீவனத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீரைக் குடிப்பதால், அதே கிணற்று நீர் தை மாதத்தில் செய்யாத கெடுதலைச் சித்திரையில் செய்கிறது. எச்சம் நீர்த்தால் கூளம் நனையும். கூளம் நனைந்தால் ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் எய்மீரியா ஒட்டுண்ணியின் முட்டைகள் ஓரிரு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு முதிர்ந்துவிடும். அந்த ஒட்டுண்ணி குடல் சுவரைப் புண்ணாக்கிய இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் பெருகி குடல் அழுகலைக் கொண்டுவருகிறது. இந்தத் தொடரின் கடைசிக் கண்ணியைத்தான் தீவன ஆன்டிபயாடிக் பிடித்து நிறுத்துகிறது. முதல் மூன்று கண்ணிகளும் அப்படியே இருக்கின்றன.

மீன்தூளும் இதே இடத்தில் வந்து சேர்கிறது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் வலையில் சேர்ந்துவரும் சங்காயம் எனப்படும் கழிவு மீன், உலர்ந்து கோழித் தீவனத்துக்குப் போவது யாவரும் அறிந்தது. நல்ல புரதம், கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. தாமே தீவனம் கலப்பவர்கள் அதை விரும்புவது இயல்பே. ஆனால் மீன்தூள் அதிகமான தீவனம் குடலில் கிளாஸ்ட்ரிடியம் பெருக ஏதுவாகிறது என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. எவ்வளவு அதிகம் என்றால், இந்த நோயை ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்ப்பவர்கள் கோழிகளுக்கு முதலில் மீன்தூள் மிகுந்த தீவனத்தைத்தான் ஊட்டுகிறார்கள். அதோடு மணலில் உலர்த்திய மீனின் உப்பும், உவர் நீரின் உப்பும், தீவனத்தில் வழக்கமாகச் சேர்க்கும் உப்பும் ஒன்றாகக் கூடும்போது கூளம் நனையாமல் இருக்க வழியே இல்லை. மீன்தூளைக் குறைத்துச் சோயாப் புண்ணாக்கைக் கூட்டுவதும், மீன்தூள் சேர்க்கும் கலவையில் தனி உப்பைக் குறைப்பதும், எந்த மருந்தையும்விட முதலில் செய்ய வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து. மீன்தூளின் உப்பையும் மணலையும், மக்காச்சோளத்தின் பூஞ்சை நச்சையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன் வரத்து குறையும் அந்த நாட்களில் கறிக்கோழிக்குக் கிராக்கி கூடுவதால், கொட்டகையில் கொஞ்சம் கூடுதலாகக் குஞ்சு விடலாமே என்ற ஆசை வருகிறது. ஆண்டின் மிகக் கடுமையான வெயிலும் அதே நாட்களில்தான். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்ற வழக்கமான இடத்தைக் கோடையில் கூட்ட வேண்டியிருக்க, நாம் குறைக்கிறோம். அந்த நெருக்கடியில் ஏற்படும் கழிச்சலுக்கு அஞ்சித்தான் பலரும் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கை விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் பொய்யல்ல. நெருக்கமான, நனைந்த, வெந்துகிடக்கும் கொட்டகையில் ஆன்டிபயாடிக்கின் பயன் நல்ல கொட்டகையில் இருப்பதைவிட அதிகம் தெரியும். அந்தக் கொட்டகையை அப்படியே வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் எடுத்துவிட்டுப் புரோபயாடிக்கைப் போட்டவர் ஏமாந்துபோவார், பிறகு புரோபயாடிக் என்றாலே நம்பமாட்டார்.

விலைப்பட்டியலில் வராத செலவு

தீவன ஆன்டிபயாடிக்கின் மெய்யான செலவு கடை விலையில் தெரிவதில்லை. குறைந்த அளவில், நீண்ட நாள், ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒரு மருந்தை ஊட்டும்போது, அந்த மருந்துக்குச் சாகாத பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. அந்த எதிர்ப்புத்தன்மைக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் தாவுகிறது. ஐரோப்பாவில் கோழிக்கும் பன்றிக்கும் அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக்கை ஊட்டிய பண்ணைகளில், மனித மருத்துவத்தின் முக்கிய மருந்தான வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் பாக்டீரியாக்கள் காணப்பட்டன. 1997இல் அம்மருந்து அங்கே தடைசெய்யப்பட்டது. ஸ்வீடன் 1986லேயே வளர்ச்சியூக்கி ஆன்டிபயாடிக்குகள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நிறுத்தியது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கோலிஸ்டின். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதே மருந்து பல ஆண்டுகளாகக் கோழித் தீவனத்திலும் இருந்தது. 2015இல் சீனாவில், கோலிஸ்டின் எதிர்ப்பை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு பண்ணை விலங்குகளிலும் கடையில் விற்ற இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டறியப்பட்டது. இந்தியாவில் 2019 ஜூலையில் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிக்கும் மீன், இறால் வளர்ப்புக்கும் கோலிஸ்டினைத் தடைசெய்தது. பழைய சரக்கு எங்கேனும் கிடைத்தாலும் அதைத் தொடக்கூடாது. இக்கரையில் இறால் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் அருகருகே இருப்பதால், ஒன்றின் மருந்து மற்றொன்றின் கேடாக மாறக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

கூளம் எங்கே போகிறது என்பதையும் எண்ண வேண்டும். பேட்ச் முடிந்ததும் நம் கோழிக்கூளம் முண்டு மிளகாய்க் கொல்லைக்கும் தென்னந்தோப்புக்கும் எருவாகப் போகிறது. கோழி உறிஞ்சாமல் வெளியேற்றிய மருந்தும், அதற்குப் பழகிய பாக்டீரியாவும் அதோடு சேர்ந்தே போகின்றன. கூளத்தை அள்ளுபவர்கள், தண்ணீர்த் தொட்டி கழுவுபவர்கள், வீட்டில் அதே முற்றத்தில் விளையாடும் குழந்தைகள் ஆகியோர்தாம் அவற்றை முதலில் எதிர்கொள்பவர்கள். பல பண்ணைகளில் இந்த மூன்று வகையினரும் ஒரே குடும்பம்.

சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 2012இல் மருந்து விதிகளில் 97ஆம் விதி திருத்தப்பட்டு, உணவு விலங்குகளுக்கான மருந்தின் லேபிளில், கடைசி வேளை மருந்துக்கும் விற்பனைக்கும் இடையே விட வேண்டிய நாட்களைக் குறிப்பிட வேண்டும் என்று ஆயிற்று. அப்படிக் குறிப்பிட்ட கால அளவு இல்லாத மருந்துக்கு, கோழிக்கறியைப் பொறுத்தவரை 28 நாட்களுக்குக் குறையாத இடைவெளி வேண்டும். 40 நாளில் விற்கும் கோழிக்கு 28 நாள் இடைவெளி என்றால், அந்த மருந்தைப் பன்னிரண்டாம் நாளோடு நிறுத்திவிட வேண்டும் என்று பொருள். விற்கும் நாள்வரை அதைத் தீவனத்தில் வைத்திருப்பவர் விதியை மீறுகிறார். 2014இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்தில் வாங்கிய 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது, 40 சதவீத மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. வாங்குபவருக்கு இது தெரியாது, விற்பவருக்குத் தெரியும். பொறுப்பு யாருடையது என்பதில் எனக்கு ஐயமில்லை.

புரோபயாடிக்கின் வலிமையும் வரம்பும்

தாய்க்கோழியின் சிறகுக்குள் பொரிந்த நாட்டுக்கோழிக் குஞ்சு, தாயின் எச்சத்தைக் கிளறும்போதே அதன் குடலின் நல்ல நுண்ணுயிரிகளையும் பெற்றுவிடுகிறது. குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கறிக்கோழிக் குஞ்சுக்குத் தாயே இல்லை. ஏறத்தாழ வெறுமையான குடலோடு பெட்டியில் ஏறி, பல மணி நேரம் பயணம் செய்து, நம் கொட்டகையில் இறங்குகிறது. அந்தக் குடலில் முதலில் யார் குடியேறுகிறார்கள் என்பதைப் பொறுத்தே பிறகு வரும் நாட்கள் அமைகின்றன. ஃபின்லாந்தில் நுர்மி, ரந்தாலா என்ற இருவர், வளர்ந்த கோழியின் குடலில் உள்ளவற்றைப் பொரிந்த குஞ்சுகளுக்குப் புகட்டினால் சால்மொனெல்லா பாக்டீரியா குடலில் தங்க முடியாமல் போகிறது என்று 1973இல் காட்டினார்கள். புரோபயாடிக்கின் அடிப்படைக் கருத்து அங்கே உறுதிபெற்றது. நல்ல நுண்ணுயிரிகள் குடல் சுவரில் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, கெட்ட பாக்டீரியாக்களுக்கு ஒவ்வாத புளிப்பை உண்டாக்குகின்றன. சில வகைகள் செரிமான நொதிகளையும் தருகின்றன. குஞ்சின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகின்றன.

ஆன்டிபயாடிக் குடலில் உள்ள நுண்ணுயிரிக் கூட்டத்தைக் கலைக்கிறது. புரோபயாடிக் நல்ல கூட்டத்தைக் குடியேற்றுகிறது. இதிலிருந்து பண்ணையாளருக்கு வரும் நடைமுறைப் பாடம், புரோபயாடிக்கை எப்போது கொடுப்பது என்பதுதான். நோய் வந்தபின் கொடுத்துப் பயனில்லை. குஞ்சு இறங்கிய முதல் மூன்று நாட்கள், ஸ்டார்ட்டர் என்னும் குஞ்சுத் தீவனத்திலிருந்து ஃபினிஷர் என்னும் கடைசிக் கட்டத் தீவனத்துக்கு மாறும் நாட்கள், கடும் வெயில் நாட்கள், ஆன்டிபயாடிக் சிகிச்சை முடிந்த அடுத்த நாட்கள் ஆகியவை அதற்கு உரிய காலங்கள்.

எல்லாப் புரோபயாடிக்கும் ஒன்றல்ல. கடையில் கிடைப்பவற்றைப் பொதுவாக மூன்று வகையாகப் பார்க்கலாம். லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ் போன்ற லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் ஒன்று. பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்று வித்துறை கட்டிக்கொண்டு உறங்கும் பாக்டீரியாக்கள் இரண்டாவது. சாக்கரோமைசிஸ் ஈஸ்ட் மூன்றாவது. நம் கரைக்குத் தீவனத்தில் கலப்பதற்கு நான் பரிந்துரைப்பது பேசில்லஸ் வித்து வகையை. காரணம் எளிது: தகரக் கூரையின் கீழ் கோடையில் மூட்டை அடுக்கி வைக்கும் அறையின் வெப்பத்தை லாக்டோபேசில்லஸ் தாங்காது, வித்து தாங்கும். பெல்லட் என்னும் குருணைத் தீவனம் தயாரிக்கும்போது ஏறும் 80 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் வித்துதான் தாங்கும். லாக்டோபேசில்லஸ் வகையை வாங்கினால் அதைத் தீவனத்தில் கலக்காமல், குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, தண்ணீரில் கொடுப்பதே சரி.

தண்ணீரில் கொடுப்பதிலும் இங்கே ஒரு இடர் உண்டு. கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கிறது. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும் வழக்கமும் உண்டு. அந்த நீரில் கலந்த உயிருள்ள பாக்டீரியா கோழியின் வாய்க்குப் போவதற்கு முன்பே இறந்துவிடும். தண்ணீர் வழியாகத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் எப்படியும் குளோரினை நிறுத்தி, கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கலக்கிறோம்; புரோபயாடிக்குக்கும் அதையே செய்ய வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவு நீரில் மட்டும் கலந்து, முடிந்ததும் குழாயை அலசிவிட வேண்டும். வீட்டு மோரைக் குஞ்சுத் தண்ணீரில் கலப்பவர்களும் உண்டு. சிறு கிண்ணத்தில் கொடுத்தால் தீங்கில்லை. கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள்கள் பொருத்திய குழாயில் விட்டால் உள்ளே பாசிபோல் படிந்து கெட்ட பாக்டீரியாவுக்கே இடம் கொடுக்கும்.

இனி குறைகள். புரோபயாடிக்கின் பயன் சீரானதல்ல. ஒரு பண்ணையில் ஆன்டிபயாடிக்குக்கு இணையாகத் தெரிவது இன்னொரு பண்ணையில் தெரியாமல் போகலாம். ஒரே இனப் பெயர் இருந்தாலும், அந்த இனத்தின் உள்வகையான திரிபுக்குத் திரிபு குணம் மாறும். லேபிளில் இனப் பெயர் மட்டும் எழுதி, திரிபின் எண்ணை எழுதாத பொருளை வாங்காதிருப்பது நல்லது. உயிரிகளின் எண்ணிக்கை தயாரித்த நாளுக்கு உரியதா, காலாவதி நாள்வரை உறுதி தரப்படுவதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பரிந்துரைகள் ஒரு கிலோ தீவனத்துக்கு 10 கோடி முதல் 100 கோடி உயிரிகள் என்ற எல்லைக்குள் அமைகின்றன. கிராமுக்கு 100 கோடி என்று எழுதிய பொடியை டன்னுக்கு 500 கிராம் கலந்தால் கிலோவுக்கு 50 கோடி வரும். இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். மலிவான பொடிகள் பல இதிலேயே தேறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புரோபயாடிக் மருந்தல்ல. ரத்தக்கழிச்சலை அது தடுக்காது, வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்துக்கு மாற்றும் ஆகாது. ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்திலேயே புரோபயாடிக்கையும் போடுபவர் இரண்டுக்கும் பணம் கொடுத்து, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கொல்கிறார்.

அமிலக் கலவைகள், ஈஸ்ட் செல்சுவரிலிருந்து எடுக்கும் சர்க்கரைகள், நொதிகள், பூண்டு மஞ்சள் கலவைகள் ஆகியவையும் விற்பனையில் உள்ளன. தண்ணீரைச் சற்றே புளிப்பாக்கும் அமிலங்கள் உவர்ப்பும் காரத்தன்மையும் மிகுந்த கிணற்று நீருக்குப் பயன்படக்கூடும். மண்டபம் பக்கத்துக் கடற்பாசியைத் தீவனத்தில் சேர்க்கும் யோசனை கவர்ச்சியானதுதான்; ஆனால் அதன் உப்பு, மேலே சொன்ன உப்புக் கணக்கில் சேரும்.

யார் எதைத் தேர்வது

குடிநீரின் உப்பு 1000 மில்லிகிராமுக்குள் இருந்து, உமிக் கூளத்தைக் கையில் பிடித்துவிட்டால் உதிரும் நிலையில் வைத்திருக்கும் பண்ணையாளர், அடுத்த பேட்சிலேயே தீவன ஆன்டிபயாடிக்கை நிறுத்திப் பேசில்லஸ் புரோபயாடிக்குக்கு மாறலாம். அவர் இழக்கக்கூடியது முன்பு கணக்கிட்ட ஒன்றிரண்டு மூட்டை. அதையும் புரோபயாடிக் பெருமளவு மீட்டுத்தரும் என்று எதிர்பார்க்கலாம். ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் காக்சிடியோஸ்டாட் மருந்தை மட்டும் இந்த மாற்றத்தோடு சேர்த்து நிறுத்திவிடக் கூடாது. ஐரோப்பாவில் வளர்ச்சியூக்கிகளைத் தடைசெய்த பிறகும் அதை அனுமதித்தே வருகிறார்கள். ரத்தக்கழிச்சல் அடங்கியிருந்தால்தான் குடல் அழுகலும் அடங்கியிருக்கும்.

தண்ணீரின் உப்பு 3000 மில்லிகிராமைத் தாண்டியும், கூளம் ஒவ்வொரு பேட்சிலும் கட்டிதட்டியும், குடல் அழுகல் அடிக்கடி வந்தும் போகிற பண்ணைக்கு என் பரிந்துரை வேறு. அங்கே முதல் செலவு புரோபயாடிக்குக்கு ஆகக் கூடாது. ராமநாதபுரத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி நிலையத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பது பற்றிக் கேட்டறிந்து, நல்ல நீரோடு கலந்தாவது உப்பைக் குறைத்து, மீன்தூளையும் தீவன உப்பையும் திருத்தி, கோழி எண்ணிக்கையைக் குறைத்து, ஒழுகும் நிப்பிள்களை மாற்றிய பிறகே மருந்தை எடுக்க வேண்டும். அதுவரையில் கால்நடை மருத்துவர் நோயை உறுதிசெய்து எழுதித் தரும் சிகிச்சையை முழு அளவில், முழு நாட்களுக்குக் கொடுப்பது, ஆண்டு முழுவதும் கிள்ளிக் கிள்ளிப் போடுவதைவிட மேல். இடைவெளி நாட்களைக் கணக்கிட்டே விற்க வேண்டும்.

இந்த மாற்றத்தை மீன்பிடித் தடைக்கால பேட்சில் தொடங்க வேண்டாம். வெயிலும் நெருக்கமும் சேர்ந்த அந்த நாட்களில் எது எதனால் நடந்தது என்று பிரித்தறிய இயலாது. பனி விழும் மார்கழி, தை மாதங்களில் இறங்கும் குஞ்சுகளே சோதனைக்கு ஏற்றவை. கொட்டகையின் நடுவே வலைத் தடுப்பு வைத்து, ஒரே பொரிப்பகத்தின் ஒரே நாள் குஞ்சுகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பழைய தீவனமும் மறுபக்கத்துக்கு ஆன்டிபயாடிக் இல்லாத புரோபயாடிக் தீவனமும் கொடுக்கலாம். தண்ணீர்த் தொட்டி, கூளம், விளக்கு, தடுப்பு மருந்து எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் சென்ற மூட்டைகளையும் இறந்த கோழிகளையும் தனித்தனி நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை ஒவ்வொரு பக்கத்திலும் 50 கோழிகளைக் கண்ணை மூடிப் பிடித்து எடைபோட்டு, விற்கும் நாளில் மொத்த எடையைத் தனித்தனியே எடுத்தால், விற்பனைப் பிரதிநிதி காட்டும் அட்டவணை தேவைப்படாது. ஒரே ஒரு பேட்சை வைத்து முடிவுசெய்யாமல், ஐப்பசி மழையில் கூளம் நனையும் காலத்தில் இன்னொரு முறையும் இதைச் செய்து பார்க்க வேண்டும். அடுத்த முறை பக்கங்களை மாற்றிக்கொள்வது அவசியம். கடற்காற்று அடிக்கும் பக்கமும் வெயில் விழும் பக்கமும் எந்தக் கொட்டகையிலும் ஒன்றாக இருப்பதில்லை.